ஆறு மணி நேரத்தில் ஐந்து லட்சம் பெசோ

வர்ஜீனியாவில், அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயர்கள் தோற்றுச் சரணடைந்த யார்க்டவுன் போர்க்களத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு நினைவுப்பொருள் கடையில் நின்றோம். என் மகன் ஒரு நாணயத்தை எடுத்து வைத்துக்கொண்டு கீழே வைக்க மாட்டேன் என்றான். பிளாஸ்டிக் வாள், ஒற்றைக் கண்ணை மறைக்கும் கறுப்புத் துணி, மண்டையோட்டுக் கொடி எல்லாவற்றோடும் ஒரே கூடையில் போட்டு 'கடற்கொள்ளையர் காசு' என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். நகல்தான், வெள்ளி எல்லாம் இல்லை. ஆனால் அச்சு நன்றாகவே இருந்தது. ஒரு பக்கம் பெரிய மூக்கோடு ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ். மறுபக்கம் இரண்டு தூண்கள், நடுவில் கேடயம், ஓரத்தில் லத்தீனில் பொடி எழுத்துகள். அவற்றின் நடுவே 'எம்' எழுத்து, அதன் தலைமேல் குட்டியாக ஒரு 'ஓ'. மெக்சிகோ நகர நாணயச்சாலையின் முத்திரை அது. அன்று காலைதான் போர்க்களத்தில் ஒரு வழிகாட்டி பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி நெகிழ்ந்து பேசியிருந்தார். தளபதி ரோஷாம்போவின் படை, கடற்படைத் தலைவர் தெ கிராஸின் கப்பல்கள், இவை இல்லாவிட்டால் ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்திருக்க மாட்டார் என்றார். உண்மைதான். ஆனால் அந்தக் கப்பல்கள் வந்தபோது கூடவே கொண்டுவந்த பணத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, கூட்டத்தில் யாரும் கேட்கவும் இல்லை. அந்தப் பணத்தின் உருவம்தான் கொள்ளையர் கூடையில் கிடந்தது.

ஸ்பெயினின் உதவியை அமெரிக்கா மறந்துவிட்டது என்கிற புலம்பல் ஒன்றும் புதிதில்லை. அதற்குக் கொஞ்சம் பரிகாரமும் நடந்திருக்கிறது. லூசியானாவின் ஸ்பானிய ஆளுநராக இருந்த பெர்னார்தோ தெ கால்வெஸின் படத்தை மாட்டுவதாக 1783இல் அமெரிக்க மாமன்றம் ஒப்புக்கொண்டது. 2014இல்தான் மாட்டினார்கள். அதே ஆண்டு அவருக்குக் கௌரவக் குடியுரிமையும் கொடுத்தார்கள். அமெரிக்க வரலாற்றில் இந்த மரியாதை கிடைத்த எட்டாவது ஆள் அவர். அதன் பிறகு ஜூலை மாதம் வந்தால் 'மறக்கப்பட்ட நாயகன்' என்று எங்காவது ஒரு கட்டுரை கண்ணில் படுகிறது. படித்துவிட்டு எனக்கு ஏனோ திருப்தி வருவதில்லை. ஒரு மறதியைச் சரிசெய்யப் போய் இன்னொரு மறதியை உட்கார வைக்கிறார்களோ என்று தோன்றுகிறது. அமெரிக்கர்களுக்காகச் சண்டையிட்ட பிரெஞ்சு நாயகன் லஃபயெத்துக்குப் பக்கத்தில் ஒரு கால்வெஸ், பிரெஞ்சு மன்னருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பானிய மன்னர், கணக்கு முடிந்தது. அந்த மன்னர் கையை விட்ட பை யாருடையது?

மன்னரின் பயம்

ஸ்பெயின் இந்தப் போரில் ஆசைப்பட்டு இறங்கவில்லை. குடியேற்றக்காரர்கள் தங்கள் அரசனை எதிர்த்து எழுந்தால் அவர்களுக்கு உதவுவது, கலிபோர்னியா முதல் சிலி வரை குடியேற்ற நாடுகளை வைத்திருக்கும் ஓர் அரசனுக்கு நல்ல யோசனையாகத் தெரியுமா? அதனால் முதலில் எல்லாமே மறைவில் நடந்தது. 1776இல் பிரான்ஸ் 10 லட்சம் லீவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்), ஸ்பெயின் 10 லட்சம் லீவ்ர் போட்டு, நாடக ஆசிரியர் போமார்ஷே நடத்திய ஒரு பொய்க் கம்பெனி வழியாக ஆயுதம் அனுப்பின. பில்பாவோ நகரத்து வணிகர் தியேகோ தெ கார்தோகியின் குடும்பக் கம்பெனி வெடிமருந்தும் போர்வையும் கப்பலேற்றியது. அப்போது ஸ்பெயின் வசம் இருந்த நியூ ஆர்லியன்ஸில் நடந்த கதை இன்னும் சுவையானது. 1776 கோடையில் பிட்ஸ்பர்க் பக்கத்திலிருந்து கிப்சன், லின் என்ற இரு வர்ஜீனிய அதிகாரிகள் ஆற்றோடு இறங்கி வந்து வெடிமருந்து கேட்டார்கள். ஆளுநர் உன்சாகா, அயர்லாந்தில் பிறந்த வணிகர் ஆலிவர் போலக் மூலமாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆங்கிலேய ஒற்றர்கள் சந்தேகப்படாமல் இருக்கக் கிப்சனைப் பிடித்துச் சிறையில் போட்டார். அவர் சிறையில் இருக்க, லின் சுமார் 9,000 பவுண்டு வெடிமருந்தோடு மிசிசிப்பியை எதிர்த்துத் துடுப்புப் போட்டு, குளிர்காலத்தை வழியிலேயே கழித்து, 1777 மே மாதம் இன்றைய வீலிங் நகரம் இருக்கும் இடத்தில் இருந்த கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்.

1779 ஏப்ரலில் அரன்ஹுவெஸ் ஒப்பந்தம், ஜூனில் போர்ப் பிரகடனம். கவனிக்க வேண்டியது, அந்த ஒப்பந்தம் பிரான்சோடு மட்டும்தான். அமெரிக்கர்களோடு ஸ்பெயின் கூட்டணிக் கையெழுத்துப் போடவே இல்லை. அமெரிக்கர்கள் அனுப்பிய ஜான் ஜே மத்ரிதில் இரண்டு வருடத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்தும் அவரைத் தூதராக ஏற்றுக்கொள்ளவில்லை. ஸ்பெயினுக்கு வேண்டியது ஜிப்ரால்டர், மினோர்க்கா, புளோரிடா. பக்கத்தில் ஒரு குடியரசு பிறப்பது வேண்டவே வேண்டாம். இது உலகம் முழுக்கப் பரவிய பேரரசுச் சண்டை என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1783 ஜூனில் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கரையிலும் கடலிலும் அடித்துக்கொண்டிருந்தபோதுதான், ஐரோப்பாவில் சமாதானம் ஆகிப் பல மாதமாகிவிட்டது என்ற செய்தி வந்தது. யார்க்டவுனில் தொடங்கி நம் கடலூர் வரைக்கும் ஒரே போர்.

கால்வெஸோடு நடந்தவர்கள்

கால்வெஸை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். திறமைசாலி, துணிச்சல்காரர், சமயத்தில் நல்ல நடிகரும்கூட. 1779 ஆகஸ்டில் போர்ச் செய்தி அவருக்குக் கிடைத்தது, ஊருக்கு இன்னும் தெரியாது. படகுகளைத் தயார் செய்துகொண்டிருந்தபோது 18ஆம் தேதி ஒரு சூறாவளி அடித்து அவற்றை மூழ்கடித்துவிட்டது. மனிதர் மக்களைச் சதுக்கத்தில் கூட்டினார். போர் வந்திருக்கிறது, என்னை நிரந்தர ஆளுநராக நியமித்து உத்தரவும் வந்திருக்கிறது, ஆனால் நீங்கள் ஊரைக் காக்கத் துணை நிற்பதாகச் சொன்னால்தான் பதவிப் பிரமாணம் எடுப்பேன் என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. மூழ்கிய படகுகளை ஆற்றிலிருந்து தூக்கிச் சரிசெய்து, 27ஆம் தேதி 667 பேரோடு கிளம்பிவிட்டார்.

அந்த 667 பேர் யார் என்று பார்த்தால்தான் எனக்கு விஷயம் சூடுபிடிக்கிறது. பழகிய சிப்பாய்கள் 170 பேர்தான். மெக்சிகோவிலிருந்தும் கேனரி தீவுகளிலிருந்தும் புதிதாகச் சேர்த்த ஆட்கள் 330 பேர். நியூ ஆர்லியன்ஸின் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் 80 பேர். அமெரிக்கத் தன்னார்வலர்கள் ஏழே பேர், போலக் அதில் ஒருவர். வழியில் ஆற்றோரக் குடியிருப்புகளிலிருந்து ஜெர்மானியர்களும் அக்கேடியர்களுமாக இன்னும் அறுநூறு பேர் சேர்ந்தார்கள். அக்கேடியர்களைக் கூப்பிட்டு வர அதிகம் பேச வேண்டியிருந்திருக்காது. 1755இல் நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஆங்கிலேயர்கள் வீட்டைக் கொளுத்திக் கப்பலேற்றி விரட்டிய குடும்பங்கள் அவை. அப்புறம் 160 பூர்வகுடி வீரர்கள். சதுப்பு நிலத்தில் பதினோரு நாள் நடந்து, வழியில் பலர் காய்ச்சலில் விழுந்து, செப்டம்பர் 7இல் ஆங்கிலேயரின் மான்சாக் கோட்டை, 21இல் பேட்டன் ரூஜ் என்று பிடித்தார்கள். நாட்செஸ் கோட்டையை ஆங்கிலத் தளபதியே சரணடைவுப் பத்திரத்தில் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்.

இவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? டெக்சஸ் மாட்டை. சான் அந்தோனியோ ஆற்றங்கரைப் பண்ணைகளில் ஏராளமாக மாடு இருப்பது கால்வெஸுக்குத் தெரியும். 1779 ஜூனிலேயே டெக்சஸ் ஆளுநருக்கு ஆள் அனுப்பினார். அடுத்த மூன்று ஆண்டுகளில் தோராயமாகப் பத்தாயிரம் மாடுகளைக் குதிரைக்காரர்கள் லூசியானாவுக்கு ஓட்டிப் போனார்கள். டெக்சஸின் புகழ்பெற்ற மாட்டு ஓட்டங்களைக் காட்டும் கௌபாய் படங்கள் எல்லாம் அதற்கு நூறாண்டு பிந்திய காலத்தவை. முதல் பெரிய ஓட்டம் ஒரு ஸ்பானியப் படைக்குச் சோறு போட நடந்தது.

1780 மார்ச்சில் மொபீல். அங்கேயும் புயலில் கப்பல்கள் தரைதட்ட, உடைந்த மரத்தை வைத்தே கோட்டை ஏறும் ஏணி செய்தார்கள். 1781 மார்ச்சில் பென்சகோலா. அதன் வளைகுடா வாயிலில் ஸ்பானியப் போர்க்கப்பல் ஒன்று தரைதட்டியதும் கப்பற்படைத் தலைவர் கால்வோ உள்ளே நுழைய மறுத்துவிட்டார். கால்வெஸ் தன் சொந்தக் கட்டளையில் இருந்த கால்வெஸ்டவுன் என்ற சிறு கப்பலில் ஏறிக் கோட்டைப் பீரங்கிகளுக்குக் கீழே நுழைந்தார். 'நான் மட்டும்' என்று தன் குலச்சின்னத்தில் பொறித்துக்கொள்ள மன்னர் பிறகு அனுமதி கொடுத்தார். அந்தக் கப்பலில் மாலுமிகள் இருந்தார்கள், பின்னால் ரியாஞோவின் சிறு கப்பலும் இரண்டு பீரங்கிப் படகுகளும் வந்தன என்பது வேறு. முற்றுகை மே 8 வரை இழுத்தது. அன்று முன்னரண் ஒன்றின் வெடிமருந்துக் கிடங்கில் ஸ்பானியக் குண்டு விழுந்து கிட்டத்தட்ட நூறு பேர் ஒரே நொடியில் செத்தார்கள். மே 10இல் ஜெனரல் கேம்பெல் நகரத்தை ஒப்படைத்தார். முற்றுகையின் முடிவில் அங்கே ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஸ்பானியத் தரப்பில் இருந்தார்கள். ஹவானாவின் நிலைப்படை, கறுப்பின, கலப்பினப் பிரிவுகள், ஐரிஷ்காரர்கள், பிரெஞ்சுக்காரர்கள் எல்லாம் அதில் அடக்கம்.

ஹவானா, ஆகஸ்ட் 1781

மற்றதெல்லாம் ஓரங்களில் நடந்தது என்று ஒருவர் வாதாடலாம். பென்சகோலா விழாமல் இருந்திருந்தாலும் வாஷிங்டன் சமாளித்திருப்பார் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஹவானாவை அப்படித் தாண்டிப் போக முடியாது.

1781 கோடையில் நிலைமை இதுதான். அமெரிக்கர்கள் அச்சடித்த காகிதப் பணத்துக்கு மதிப்பே போய்விட்டது. அந்தக் காகிதத்தில் எழுதியிருந்ததே, இதைக் கொண்டுவருபவருக்கு இத்தனை ஸ்பானிய டாலர், அல்லது அதற்கு ஈடான பொன்னோ வெள்ளியோ கிடைக்கும் என்பதுதான். ஸ்பானிய டாலர் என்றால் பெசோ என்ற வெள்ளிக் காசுதான். கொடுக்கத்தான் அது இல்லை. சம்பளம் வராத சிப்பாய்கள் அந்த ஜனவரியில்தான் கலகம் செய்து அடங்கியிருந்தார்கள். ரோஷாம்போவின் பெட்டியும் காலியாகிக்கொண்டிருந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த தெ கிராஸுக்கு அவர் எழுதினார்: கப்பல் வேண்டும், ஆள் வேண்டும், 12 லட்சம் லீவ்ர் பணம் வேண்டும்.

தெ கிராஸ் ஜூலையில் இன்றைய ஹெய்ட்டியில் இருக்கும் காப் ஃபிரான்சே துறைமுகத்துக்கு வந்தார். அங்கே அவரைச் சந்தித்தவர் பிரான்சிஸ்கோ தெ சாவெத்ரா. இவரைப் பற்றி ஏன் ஒரு தொலைக்காட்சித் தொடர்கூட வரவில்லை என்பது எனக்கு நிஜமாகவே புரியாத விஷயம். மதப்படிப்பில் ஆரம்பித்துப் படைக்குப் போய், பிறகு அமைச்சகத்துக்கு வந்தவர். மன்னரின் தனிப் பிரதிநிதியாக ஹவானாவுக்குப் போகும் வழியில் ஆங்கிலேயர்களிடம் பிடிபட்டு, ஜமைக்காவில் தன்னை ஒரு வணிகர் என்று சொல்லி நம்பவைத்து, அங்கே இருந்த கோட்டைகளையெல்லாம் நன்றாகப் பார்த்துக்கொண்டு தப்பி வந்தவர். அவரும் தெ கிராஸும் பேசியதில் இரண்டு முடிவுகள் முக்கியம். ஸ்பானியர்களின் உபயோகத்துக்கு என்று ஒதுக்கியிருந்த பிரெஞ்சுப் படைப்பிரிவை வடக்கே கூட்டிப் போகலாம் என்று சாவெத்ரா விட்டுக்கொடுத்தார். பிரெஞ்சுத் தீவுகளின் வாணிபத்தைக் காக்கும் வேலையை ஸ்பானியக் கப்பல்கள் பார்த்துக்கொள்ளும் என்றதால், தெ கிராஸ் ஒரு கப்பலைக்கூடப் பின்னால் விட்டுவைக்காமல் 28 போர்க்கப்பல்களோடு போக முடிந்தது. செசபீக் விரிகுடாவில் ஆங்கிலக் கப்பற்படையைவிட அவர் கை ஓங்கியிருந்ததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

பாக்கி இருந்தது பணம். காப் ஃபிரான்சே வணிகர்களிடம் தெ கிராஸ் கேட்டார், தன் சொந்தத் தோட்டத்தையே அடமானம் வைக்கிறேன் என்றார், கிடைக்கவில்லை. ஆகவே சாவெத்ரா எக்ரெத் என்ற வேகக் கப்பலில் ஏறி ஹவானாவுக்கு ஓடினார். ஆகஸ்ட் 15இல் இறங்கினால், கஜானா காலி. இருந்த வெள்ளி ஸ்பெயினுக்குப் போய்விட்டது, மெக்சிகோவின் வெராக்ரூஸ் துறைமுகத்திலிருந்து வர வேண்டியது இன்னும் வரவில்லை. மறுநாள் ஊரில் சொல்லி அனுப்பினார்கள். பிரெஞ்சுக் கப்பற்படைக்கு உதவ விரும்புகிறவர்கள் பணத்தை உடனே கொண்டு வரலாம் என்று. இரண்டு பிரெஞ்சு அதிகாரிகள் வீடு வீடாகப் போய் வாங்கினார்கள். ஆறு மணி நேரத்தில் 5 லட்சம் பெசோ சேர்ந்துவிட்டது என்று சாவெத்ராவின் நாட்குறிப்பு சொல்கிறது. ஹவானாப் பெண்கள் வைரங்களைக் கழற்றிக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை பின்னால் கிளம்பியது. நகையைக் கழற்றிக் கொடுக்கும் பெண் எல்லா நாட்டுச் சுதந்திரக் கதையிலும் வந்துவிடுகிறார், எனக்கு இது அவ்வளவாக நம்பிக்கை தரவில்லை. நாட்குறிப்பில் இருப்பது வெள்ளிக் காசுதான். ஒரு பெசோ சுமார் 27 கிராம். 5 லட்சம் பெசோ என்றால் பதின்மூன்றரை டன் வெள்ளி. அதை ஒரே நாளில் எண்ணி, மூட்டை கட்டி, வண்டியேற்றி, கப்பலில் அடுக்கியவர்களின் முதுகை நினைத்துப் பார்க்கிறேன். ஹவானாத் துறைமுகத்தில் அந்த மாதிரி வேலையைச் செய்தவர்களில் எத்தனை பேர் அடிமைகளாக இருந்திருப்பார்கள் என்பதையும்.

17ஆம் தேதி எக்ரெத் புறப்பட்டது. மாத முடிவில் தெ கிராஸ் செசபீக்கில் இருந்தார். செப்டம்பர் தொடக்கத்தில், மேரிலாண்டில் தெற்கு நோக்கி நடந்துகொண்டிருந்த வாஷிங்டனின் சிப்பாய்கள் சம்பளம் இல்லாமல் இனி ஓரடி எடுத்துவைக்க மாட்டோம் என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள். அமெரிக்கர்களின் நிதிப் பொறுப்பாளர் ராபர்ட் மாரிஸ் ரோஷாம்போவின் பெட்டியிலிருந்து 20,000 டாலர் கடன் வாங்கி ஒரு மாதச் சம்பளத்தைக் காசாகக் கொடுத்தார். இருந்த கொஞ்சத்தையும் ரோஷாம்போ எடுத்துக் கொடுக்க முடிந்ததற்கு, தெ கிராஸ் புதுப் பணத்தோடு வருகிறார் என்பதே காரணம். அக்டோபர் 19இல் கார்ன்வாலிஸ் சரண்.

இந்த இடத்தில்தான் 'ஸ்பெயின் உதவியது' என்ற வாக்கியம் எனக்குக் கழன்று விழுந்தது. ஹவானாக்காரர்கள் கொடுத்தது கடன். மெக்சிகோ வெள்ளி வந்து சேர்ந்ததும் திரும்ப அடைபட்டது. அவர்கள் கையில் அவ்வளவு ரொக்கம் எப்படி இருந்தது? 1762இல் ஆங்கிலேயர்கள் ஹவானாவைப் பிடித்து மறு ஆண்டு திருப்பிக் கொடுத்ததிலிருந்து, அங்கே கோட்டை கட்டவும் படைக்குச் சம்பளம் போடவும் மெக்சிகோ கஜானா ஆண்டுதோறும் வெள்ளி அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்த வெள்ளி சிப்பாயின் கையிலிருந்து கடைக்கும், ஒப்பந்தக்காரரிடமும், சர்க்கரைத் தோட்டக்காரரிடமும், அடிமை வணிகரிடமும் போய்ச் சேர்ந்தது. பிலடெல்பியாவில் ஸ்பெயினின் கண்ணும் காதுமாக இருந்து, வாஷிங்டனின் முகாமில் 1780இல் இறந்து, வாஷிங்டனே இறுதி ஊர்வலத்தில் நடந்த ஹுவான் தெ மிராயெஸ்கூட ஹவானாவின் அடிமை வணிகர்தான். அடித்துத் திருப்பிப் பார்த்தால் பணத்தின் ஊற்று மெக்சிகோ. அந்தக் காலத்தில் மெக்சிகோ நாணயச்சாலை ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான பெசோ அடித்துத் தள்ளியது.

என் அலுவலகத்தில் மெக்சிகோவின் புவெப்லாவைச் சேர்ந்த ஒரு நண்பர் இருக்கிறார். சாப்பாட்டு வேளையில் இதைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "அப்படியென்றால் அமெரிக்கா எங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது, வட்டியோடு கேட்கலாமா?" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த 'எங்களுக்கு' என்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. குவானஹுவாத்தோவின் சுரங்க முதலாளியும் சுரங்கத்தில் இறங்கியவனும் ஒரே 'நாங்கள்' இல்லை. 1766இல் பச்சூக்காவுக்குப் பக்கத்தில் ரியல் தெல் மோந்தே சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெட்டியெடுக்கும் தாதுவில் அவர்களுக்கு வழக்கமாக வரும் பங்கை முதலாளி குறைத்ததுதான் காரணம். மறு ஆண்டு, ஜெசுவிட் துறவிகளை மன்னர் நாடு கடத்தியதை ஒட்டி குவானஹுவாத்தோவிலும் சான் லூயிஸ் பொதோசியிலும் கலகம் வெடித்தது. அதை அடக்கப் போன அரச ஆய்வாளர் 85 பேரைத் தூக்கிலிட்டார். அவர் பெயர் ஹோசே தெ கால்வெஸ். பெர்னார்தோவின் சொந்தச் சிற்றப்பா.

அதே மே மாதம்

இந்தச் சிற்றப்பா 1776இல் ஸ்பெயினின் அமெரிக்க நாடுகள் முழுவதற்கும் பொறுப்பான அமைச்சர் ஆனார். குடும்பமே செழித்தது. அண்ணன் மத்தியாஸ் குவாத்தமாலாவுக்குத் தலைவர், அண்ணன் மகன் லூசியானாவுக்கு ஆளுநர். போருக்குப் பணம் வேண்டும், வரியை ஒழுங்காக வசூலிக்க வேண்டும் என்று தான் முன்பு பார்த்த மாதிரியான ஆய்வாளர் வேலைக்கு ஆட்களை அனுப்பினார். பெருவுக்கு அரேச்சே. அவர் போனார், விற்பனை வரி நான்கு சதவீதத்திலிருந்து ஆறானது, புதிய சுங்கச் சாவடிகள் முளைத்தன. 1780 நவம்பரில் பூர்வகுடித் தலைவர் தூபாக் அமாரு ஓர் அதிகாரியைப் பிடித்துத் தூக்கில் போட்டு எழுச்சியைத் தொடங்கினார். ஆண்டிஸ் மலைகளின் பெரும்பகுதி பற்றிக்கொண்டது. இன்றைய கொலம்பியாவுக்குப் போன ஆய்வாளர் கூத்தியேரெஸ் தெ பின்யேரெஸ். புகையிலைக்கும் சாராயத்துக்கும் அரசு ஏகபோகத்தை இறுக்கி, பழைய கடற்படை வரி ஒன்றையும் தூசு தட்டி எடுத்தார். 1781 மார்ச்சில் சொகோரோ ஊரில் மனுவேலா பெல்த்ரான் என்ற பெண் வரி அறிவிப்பைக் கிழித்துப் போட்டார். சில மாதங்களில் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் தலைநகர் பொகோத்தாவை நோக்கி நகர்ந்தார்கள். அங்கே வைஸ்ராய் இல்லை. ஆங்கிலேயர்கள் வந்துவிடுவார்களோ என்று கடற்கரையைக் காக்க கார்தஹேனாவில் இருந்தார். ஊரில் இருந்தவர்கள் கேட்டதையெல்லாம் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கூட்டத்தைக் கலைத்தார்கள். பிறகு கையெழுத்து செல்லாது என்றார்கள். ஒப்பாமல் மறுபடி எழுந்த ஹோசே அந்தோனியோ கலானை 1782 பிப்ரவரியில் கொன்றார்கள்.

தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பென்சகோலாவில் ஆங்கிலக் கொடி இறங்கியது 1781 மே 10. எட்டு நாள் கழித்து, மே 18இல், பெருவில் கூஸ்கோவின் பெரிய சதுக்கத்தில் தூபாக் அமாருவின் கண் முன்னால் அவர் மனைவி மிக்காயேலா பஸ்தீதாஸையும் மூத்த மகனையும் கொன்றார்கள். பிறகு அவர் நாக்கை அறுத்து, கைகால்களை நான்கு குதிரைகளில் கட்டி இழுத்தார்கள். உடல் பிய்யவில்லை. கடைசியில் தலையை வெட்டினார்கள். தீர்ப்புச் சொன்னவர் அரேச்சே. பேரரசின் இந்த முனையில் அரச எதிர்ப்பாளர்களுக்குத் துணை போன வெற்றி என்று பின்னாளில் பாடப்போகும் ஒன்றும், அந்த முனையில் அரச எதிர்ப்பாளருக்கு நடந்த இந்தக் கொடுமையும், ஒரே அமைச்சரின் மேசைக்கு ஒரே பருவத்தில் வந்த இரண்டு அறிக்கைகள். அவருக்கு அவற்றில் முரண்பாடு ஒன்றும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். இரண்டும் மன்னரின் சொத்தைக் காத்த செய்தி.

அதனால்தான் 'ஸ்பெயினின் மறக்கப்பட்ட கொடை' என்று படிக்கும்போது எனக்கு உறுத்துகிறது. கொடுத்த கை ஸ்பெயினுடையது இல்லை. ஸ்பெயினுடையது பெரும்பாலும் அதைத் தட்டிப் பறித்த கை.

ஒரு பெசோ, இரண்டு பெசோ

1780 ஆகஸ்டில் மன்னர் தன் அமெரிக்கக் குடிகள் எல்லோரிடமும் போருக்காக ஒரு 'நன்கொடை' கேட்டார். ஸ்பானியர், உயர்குடியினர் என்றால் தலைக்கு இரண்டு பெசோ, பூர்வகுடியினரும் கலப்பினத்தவரும் என்றால் ஒரு பெசோ. தலைக்கு இவ்வளவு என்று தொகை குறித்த நன்கொடையை வரி என்று சொல்லாமல் என்னவென்று சொல்வது? கலிபோர்னியாவில் வசூல் பொறுப்பு பாதிரியார் ஹுனிபெரோ செர்ராவின் மிஷன்கள், அதாவது பூர்வகுடியினரை மதம் மாற்றிக் குடியமர்த்திய நிலையங்கள் வரை போனது. கிடைத்த பட்டியல் நம் ஊர்க் கல்யாண மொய் நோட்டு மாதிரியே இருக்கிறது. மொந்தெரேய் 833 பெசோ. சான் தியேகோ 515. சான் பிரான்சிஸ்கோ 373. சான் ஹுவான் காபிஸ்த்ரானோ மிஷன் 229. செர்ரா இருந்த சான் கார்லோஸ் மிஷன் 106. தொடங்கி ஒன்றிரண்டு ஆண்டுகூட ஆகாத, ஒரு கைப்பிடிக் குடும்பங்களே இருந்த லாஸ் ஏஞ்சலஸ் 15. மற்ற ஊர்களையும் மிஷன்களையும் சேர்த்து மொத்தம் 2,683. நியூ மெக்சிகோவிலிருந்து 3,677 பெசோ வந்தது.

இதைக் காட்டி, கலிபோர்னியாவும் யார்க்டவுன் வெற்றிக்குப் பணம் கொடுத்தது என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. காலம் பொருந்தவில்லை. வசூல் முடிந்தது 1782 கடைசியில், யார்க்டவுன் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. போர் முடியவில்லை என்பதும், பொதுக் கஜானாவில் ஒரு பெசோவுக்கும் இன்னொரு பெசோவுக்கும் வித்தியாசம் இல்லை என்பதும் சரிதான். ஆனாலும் அந்த வசூல் வாஷிங்டனுக்காக நடக்கவில்லை. ஆங்கிலேயனை அடிக்க மன்னர் கேட்டார். மிஷனில் உழைத்த பூர்வகுடியினருக்கு வாஷிங்டன் என்று ஒருவர் இருப்பது தெரியவே தெரிந்திருக்காது. அவர்கள் சார்பில் மிஷன் ஒரே தொகையாகக் கட்டியது. தாங்கள் நன்கொடை கொடுத்தோம் என்பதாவது அவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டதோ.

அப்படியானால் இதைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாதா என்று புவெப்லா நண்பர் கேட்டார். நான் சேர்ப்பேன். விருப்பத்தோடு கொடுத்தால்தான் பங்களிப்பு என்று வைத்தால் உலகத்தில் எந்தப் போரின் செலவுக் கணக்கும் தேறாது. வர்ஜீனியப் புகையிலையை வளர்த்த அடிமைகளையும் அந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டிவரும். அவர்கள் உழைப்புதான் ஐரோப்பாவில் அமெரிக்கர்களுக்குக் கடன் வாங்கிக் கொடுத்தது. சேர்க்கலாம், யார் பேரில் வரவு வைப்பது என்பதில்தான் எனக்குச் சண்டை. நண்பருக்கு மெக்சிகோ பேரில் வைக்க வேண்டும். அப்போது மெக்சிகோ என்று ஒரு நாடே இல்லையே என்றேன். அமெரிக்கா என்றும் ஒன்று இல்லை, அதற்கு மட்டும் பற்று எழுதுகிறாயே என்றார். இதற்கு என்னிடம் இன்னும் சரியான பதில் இல்லை.

புரட்சியில் பங்கெடுத்தவர்களின் வாரிசுகளுக்கான அமெரிக்கப் பரம்பரைச் சங்கங்கள் இப்போது ஸ்பானியக் கோட்டைகளில் 1779க்குப் பிறகு பணியாற்றிய சிப்பாய்களின் வாரிசுகளையும், நன்கொடை கட்டியவர்களின் வாரிசுகளையும் உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்கின்றன. டெக்சஸில் மாடு ஓட்டிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் ஞானஸ்நானப் பதிவேடுகளைத் தோண்டி விண்ணப்பம் போடுகிறார்கள். ஒரு மாடு ஓட்டியவரின் பெயர் ஏதாவது ரசீதில் இருந்தால் போதும். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் கால்வெஸ் படத்துக்கு மாலை போடுவதைவிட இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஹவானாவில் ஆறு மணி நேரத்தில் கடன் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் இப்படி யாராவது வரி வரியாகப் பிடித்து, ஒவ்வொருவர் கைக்கும் அந்த வெள்ளி எந்தச் சுரங்கத்திலிருந்து எந்தக் கடை வழியாக வந்தது என்று எழுதினால், நான் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.